பாத்துப் பண்ணுங்க

‘பாத்துப் பண்ணுங்க’ என்றால் என்ன அர்த்தம்? மில் கேட்டில் கிளம்பிய வண்டி கல்யாண மண்டபத்தை எட்டுவதற்குள் பூங்கோதை இந்த இரண்டு வார்த்தையை எத்தனை தரம் புரட்டிப் பார்த்திருப்பாளோ, அவளுக்கே கணக்கில்லை. கணக்கெடுக்கிற வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இந்த லட்சணம். காலையில் ஆபீஸ் மாடிப்படியில் வரதராஜன் சார் சொன்னது அது. அவர் ஏறிக்கொண்டிருந்தார், இவள் இறங்கிக்கொண்டிருந்தாள். செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, ‘இன்னைக்கோட முடியுதில்லீங்களா, பாத்துப் பண்ணுங்க’ என்று போகிற போக்கில் போட்டுவிட்டு மேலே போய்விட்டார். கல்யாண வீட்டில் கொதிக்கிற ரசத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவனிடம் பாத்துப்பா என்றால் அது ஒன்று. ஏதாவது ஒரு மேஜைக்கு முன்னால் நின்று, குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க சார் என்றால் அது முழுக்க வேறு. அதைக் கேட்டதும் மேஜைக்குப் பின்னால் இருக்கிறவர் முதலில் ஜன்னலைப் பார்ப்பார், அப்புறம் பேனாவை மூடுவார். சார் சொன்னது ரசமா, மேஜையா? குரலைத் தாழ்த்தினாரா? படியேறுகிற மனுஷனுக்கு மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் குரல் தானாக இறங்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கடைசியில் ஒரு இழுப்பு இருந்ததா? கோயமுத்தூரில் யார்தான் இழுக்காமல் பேசுகிறார்கள், அதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் இத்தனை நாள் சர்வேயில் ஒருநாள்கூடச் சொல்லாத மனுஷன் கடைசி நாள் பார்த்து எதற்குச் சொல்ல வேண்டும்? அதுதான் இடித்தது.

வலது கட்டைவிரல் தானாக அழுத்தியது. ஒரு வெள்ளை வேன் முந்திப் போனது. மனசு எங்கே அலைந்தாலும் விரல்கள் அவற்றின் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொள்கின்றன, நல்ல விரல்கள். வேலை என்னவோ சின்னதுதான், வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இந்தச் சாலையின் நடுவில் கம்பி கட்டி பஸ்ஸுக்கென்று தனிப்பாதை விட்டிருக்கிறார்கள், சோதனைக்காக. பஸ் இப்போது மாப்பிள்ளை மாதிரி தனியாகப் போகிறது, மிச்சமிருக்கிற இடத்தில் கார், வேன், ஆட்டோ, பைக் எல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. பஸ்ஸுக்கு இடம் கொடுத்ததால் மற்ற வண்டிகளுக்கு எவ்வளவு தாமதம், தாமதம் உண்டா இல்லையா, அதை அளக்க வேண்டும். கம்பி கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை அளந்தாயிற்று. இது பின்னால். ரொம்பத் தாமதம் என்று வந்தால் கம்பியைப் பிடுங்கிவிடுவார்கள், இல்லையென்றால் பாதை நிலைத்துவிடும். அளப்பதற்கு ஒரு வாடகைக் கார், அதில் இவள், ஓட்ட ஒரு டிரைவர். கார் கூட்டத்தோடு கூட்டமாகப் போக வேண்டும். நாம் எத்தனை வண்டியை முந்துகிறோமோ அத்தனை வண்டி நம்மையும் முந்த வேண்டும், அப்போதுதான் நம் வேகம் சாலையின் வேகம். நாம் முந்தியதற்கு இடது கையில் அழுத்தி எண்ணுகிற ஒரு கிளிக்கர், முந்தவிட்டதற்கு வலது கையில் ஒன்று. மில் கேட், கல்யாண மண்டபம், தண்ணித் தொட்டி, பைபாஸ் என்று ஒவ்வோர் அடையாளமும் தாண்டும்போது மடியிலிருக்கிற செல்போனில் ஒரு தட்டு. முக்கியமான விதி, ஓட்டுகிறவருக்கு எதற்காக ஓட்டுகிறோம் என்று தெரியவே கூடாது. தெரிந்தால் அவர் மனசு போய் ஆக்சிலேட்டரில் உட்கார்ந்துகொள்ளும். புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு அவளே வகுப்பெடுக்கும்போது சொல்கிற வாக்கியம் இது, சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்துவாள், அவர்கள் சிரிப்பார்கள். ஓட்டுகிறவரின் மனசைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டவர்கள், பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறவளின் மனசு எங்கே போய் உட்காரும் என்று ஒரு விதியும் எழுதவில்லை. அங்கேதான் வினையே.

ஏனென்றால் கல்யாண மண்டபத்துக்கும் தண்ணித் தொட்டிக்கும் நடுவில், போகிற திசையில் இடது பக்கம், தேவா சீட் கவர்ஸ் இருக்கிறது. அதன் முதலாளி தேவராஜ் இவள் வீட்டுக்காரன். இந்த விஷயம் ஆபீஸில் யாருக்கும் தெரியாது. மறைத்தாளா என்று கேட்டால் இல்லை, சொல்லவில்லை, அவ்வளவுதான், யாரும் கேட்கவுமில்லை. இந்தச் சாலையை இவளிடம் ஒப்படைத்த அன்றைக்கே, சார், அங்கே எங்க கடை இருக்குதுங்க, வேற யாரையாவது போடுங்க என்று சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லாததை அப்புறம் சொல்வது எப்படி? ஒவ்வொரு நாளும் தள்ளிப்போகப் போக அது ஒரு சின்ன விஷயம் என்பது மாறி, சொல்லாமல் விட்ட விஷயம் ஆகிவிட்டது. சீட் கவர் மாட்டுவது கடைக்குள்ளே நடக்கிற வேலையில்லை. கார் வந்து கடைக்கு முன்னால் நிற்க வேண்டும், நாலு கதவையும் விரியத் திறந்து வைத்து, சீட்டைக் கழற்றி, துணியை இழுத்துக் கொக்கி போட்டு, அரைநாள் ஆகும். கம்பி கட்டிய நாளிலிருந்து ஓரத்தில் ஒரு வண்டியும் நிற்கக் கூடாது. நின்றால் போலீஸ் வந்து சக்கரத்துக்குப் பூட்டுப் போடுகிறது. வேலைக்கு இருந்த இரண்டு பேரையும் தேவராஜ் அனுப்பிவிட்டான். இப்போது பகலெல்லாம் அவனே ரெக்சின் சுருள்களை மேலிருந்து கீழே, கீழேயிருந்து மேலே என்று மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருக்கிறான், பார்க்கிறவர்களுக்கு வியாபாரம் நடக்கிற மாதிரி இருக்கும். பாதை நிலைத்துவிட்டால் கடையை மூடுவது தவிர வேறு வழியில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னான், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, யாரோ ஒருத்தர் கடையைப் பற்றிச் சொல்கிற மாதிரி. சாருக்கு இது தெரிந்துவிட்டதோ? தெரிந்துதான் சொன்னாரோ? அப்படியானால் ‘பாத்துப் பண்ணுங்க’வுக்கு மூன்றாவதாக ஓர் அர்த்தம் வருகிறது. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும், ஜாக்கிரதை.

வலது விரல் மறுபடியும். மறுபடியும். இரண்டு பைக், ஓர் ஆட்டோ. இடது கை சும்மா கிடந்தது. பூங்கோதை அசையாமல் கண்ணை மட்டும் திருப்பி டிரைவரைப் பார்த்தாள். காளியப்பன் என்று பெயர், ஐம்பதைத் தாண்டியிருப்பார், திருநீறு, காதோரம் ஒரு மஞ்சள் பூ. முன்னால் ஒரு மினி லாரி செங்கல் ஏற்றிக்கொண்டு நடக்கிற வேகத்தில் போகிறது, வலது பக்கம் இடம் திறந்து கிடக்கிறது, தாராளமாகப் போகலாம், இந்த மனுஷன் போகவில்லை. லாரிக்குப் பின்னால் பொட்டிப்பாம்பாக அடங்கிப் போகிறார். முதல் நடையிலும் இப்படித்தான். மண்டபம் வரைக்கும் நன்றாகத்தான் வந்தார், சரியாக மண்டபத்துக்கு எதிரே ஸ்கூட்டரில் ஒரு பையன் குறுக்கே புகுந்தான், இவள் பதறி ‘பாத்து, பாத்து’ என்றாள், அதற்கப்புறம் தண்ணித் தொட்டி வரை ஊர்ந்துகொண்டே போனார். சரி, பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவது நடையிலும் அதே இடத்தில் அதே ஊர்தல், அப்போது எந்தப் பையனும் குறுக்கே வரவில்லை. இது மூன்றாவது. மண்டபத்திலிருந்து தொட்டி வரைக்கும் மட்டும் ஒருத்தருக்குக் கால் மரத்துப்போகுமா? யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார்? வாடகை வண்டியை ஏற்பாடு செய்தது ஆபீஸ். ஆபீஸ் என்றால் சார். மெதுவாகப் போகச் சொல்லி, தாமதம் அதிகம் என்று காட்டி, பாதையைப் பிடுங்க வைக்க சாருக்கு என்ன வந்தது? ஒருவேளை அது இல்லை. ஒருவேளை இவளைச் சோதிக்கிறார்கள். டிரைவரை மெதுவாகப் போகச் சொல்லி, இவள் தட்டிக் கேட்கிறாளா, கேட்காமல் எழுதிக் கொடுக்கிறாளா என்று பார்ப்பது. கேட்காவிட்டால், பார்த்தீர்களா, புருஷன் கடைக்காக வாயை மூடிக்கொண்டாள் என்று கையும் களவுமாகப் பிடிக்கலாம். அப்படியானால் இப்போதே வாயைத் திறந்து, அண்ணா, முந்திப் போங்க, கூட்டத்தோட போங்க என்று சொல்ல வேண்டும். சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை. முந்தினால் நேரம் குறையும், நேரம் குறைந்தால் பாதை நிலைக்கும், பாதை நிலைத்தால் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னது நடந்துவிடும். லாரியிலிருந்து செங்கல் தூள் பறந்து கண்ணாடியில் படிந்தது. காளியப்பன் நிதானமாகத் தண்ணீர் பீச்சித் துடைத்தார்.

அப்போதுதான் அந்த வாசனை அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்தே மூக்கில் இருந்திருக்க வேண்டும், பழகின வாசனை என்பதால் மூக்கு அதைத் தனியாகச் சொல்லவில்லை. புது ரெக்சின். அவள் வீட்டில், அவன் சட்டையில், தலையணை உறையில்கூட இருக்கிற வாசனை. உட்கார்ந்திருக்கிற சீட்டை விரல் நுனியால் தடவினாள், கிளிக்கரைக் கீழே வைக்காமலே. ஓரத்தில் இரட்டைத் தையல், மூலையில் ஒரு சின்ன மடிப்பு. அந்த மடிப்பை இந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் வைப்பான், நூல் பிரியாமலிருக்க என்று சொல்வான். சீட்டுக்கும் கதவுக்கும் நடுவிலிருக்கிற சந்தில் விரலைவிட்டுத் துழாவினாள். துணிப்பட்டி கிடைத்தது, இழுத்துப் பார்த்தாள், நீலத்தில் வெள்ளை எழுத்து, தேவா சீட் கவர்ஸ். போயிற்று. ஊரில் இத்தனை வாடகை வண்டி இருக்க, இந்த வண்டி எப்படி வந்தது? தற்செயலா? அவன் கவர் போட்ட வண்டிகள் ஊரில் நிறைய ஓடுகின்றன, இருக்கலாம். ஆனால் இன்றைக்கா? கடைசி நாளா? இவள் உட்காருகிற சீட்டிலா? பட்டியை மறுபடி உள்ளே தள்ளினாள். ஏதோ அவள்தான் அதை அங்கே தைத்து ஒளித்து வைத்த மாதிரி அப்படி அவசரமாகத் தள்ளியதை நினைத்து அவளுக்கே கோபம் வந்தது. அந்தப் பதற்றத்தில் ஒரு கார் முந்திப் போனதை எண்ணினாளா இல்லையா என்று தெரியவில்லை. விரலைப் பார்த்தாள், விரல் ஒன்றும் சொல்லவில்லை.

சார் அனுப்பாவிட்டால், தேவராஜ் அனுப்பினானா? இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வந்து நின்றது, வந்தபின் போகவும் இல்லை. காலையில் அவன் என்ன சொன்னான்? சாப்பாட்டுப் பாத்திரத்தைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, வாசல்வரை வந்து, ‘பாத்துக்கோ’ என்றான். என்றைக்கும் ‘பாத்துப் போ’ என்பான், பதினாறு வருஷமாக அதுதான். இன்றைக்குப் பாத்துக்கோ. போ என்றால் நீ போகிறாய், நான் இங்கே இருக்கிறேன். கோ என்றால்? எதைப் பார்த்துக்கொள்ள? உன்னையா, கடையையா? இத்தனை நாள் சர்வேயில் என்ன வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை அவன். கேட்காமலிருப்பது நல்ல மனசு என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். கேட்காமலே வேறு வழியில் வேலையை முடிக்கிற ஆள் கேட்கவா போகிறான்? சீச்சீ. அவன் அப்படிப்பட்டவன் இல்லை. அப்படிப்பட்டவன் இல்லை என்று எல்லாப் பெண்டாட்டிகளும்தான் சொல்வார்கள். இவள் மட்டும் அவனிடம் எல்லாம் சொல்லிவிட்டாளா? தினமும் சாயங்காலம் சிநேகிதி வண்டியில் ஒட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அது பொய். அந்தப் பஸ்ஸில்தான் வருகிறாள், நடுப்பாதைப் பஸ்ஸில், கம்பிக்குள்ளே. டிக்கெட்டை இறங்குகிற இடத்திலேயே கிழித்துப் போட்டுவிட்டு, கடையைத் தாண்டி ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கிச் சந்து வழியாக நடந்து வருகிறாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற நர்ஸுகள் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள். மில் ஷிஃப்ட் விட்டு வருகிற பெண்கள் பூக்கட்டுகிறார்கள். கார்கள் ஒருபுறம் நின்று புகைய, பஸ் யாரையும் கேட்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. அந்த ஜன்னலோரத்தில் அவளுக்கு ஒரு சந்தோஷம் வரும், நாள் முழுக்க இல்லாத சந்தோஷம். அதே ஜன்னலில்தான் தேவராஜின் கடை போகும், அவன் சுருள் அடுக்கிக்கொண்டிருப்பான், அவள் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்வாள். பஸ்ஸில் போகிறதற்கு ஒரு பொம்பளை முகத்தை மறைப்பாளா? இந்த லட்சணத்தில் அவனைச் சந்தேகப்படுகிறாள்.

கடை வந்தது. மெதுவாக வந்தது, லாரி அப்படி. ஸ்டூல் வெளியே நடைபாதையில் கிடந்தது, அவனைக் காணோம், உள்ளே இருப்பான். காளியப்பன் கடைப்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பார்த்தாரா? கழுத்து திரும்பியதா, கண்ணாடியைத்தான் பார்த்தாரா? வலது விரல் அழுத்திக்கொண்டே இருந்தது, அதற்கு நல்ல அறுவடை. தண்ணித் தொட்டி வந்ததும் செல்போனைத் தட்டினாள். மண்டபத்திலிருந்து இங்கே வர ஆன நேரம் நன்றாக ஊதியிருந்தது. பயம், வெட்கம் எல்லாவற்றுக்கும் அடியில் எங்கேயோ ஓர் ஓரத்தில், நல்லதுதான் என்று ஒரு குரல், அவள் குரல்தான், சின்னதாகச் சொன்னது. தொட்டி தாண்டியதும் காளியப்பன் வலது பக்கம் வளைத்து லாரியை ஒரே மூச்சில் முந்தினார். இடது விரல் தூக்கம் கலைந்து அழுத்தியது. இனி சந்தேகமே இல்லை, இந்த ஆள் யார் சொல்லியோ செய்கிறார். பைபாஸ் வரட்டும், கேட்டுவிட வேண்டியதுதான்.

பைபாஸ் முனையில் வேப்பமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, காளியப்பன் இறங்கிப் போய் இரண்டு டீ வாங்கி வந்தார். ஒன்றை ஜன்னல் வழியாக அவளிடம் நீட்டினார்.

“ஏனுங் அம்மணி, இந்தளவுக்குப் போதுமுங்களா?”

“எதுங்ணா?”

“மொள்ளமாப் போனதுதானுங். இன்னுங் கொஞ்சம் மொள்ளமாப் போகோணும்னா அடுத்த நடைக்குப் போயர்லாம். அதுக்கு மேல போனா பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சே கொன்னுபோடுவானுங்.”

டீ சூடு விரலில் ஏறியது அவளுக்குத் தெரியவில்லை. “உங்கள மெதுவாப் போகச் சொன்னது யாருங்ணா? எங்க சாருங்களா?”

“எந்தச் சாருங்? எனக்கு ஒரு சாரையும் தெரியாதுங். டிராவல்ஸ்ல போன்னாங்க, வந்தேன்.”

“அப்ப தேவராஜ்…” என்று ஆரம்பித்து விழுங்கிவிட்டாள். ஆனால் அவர் அந்தப் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தார்.

“தேவராஜ் தம்பி எதுக்குங் சொல்றாரு? நீங்கதானுங்களே சொன்னீங்க.”

“நானா?”

“காத்தால ஏறுனதும் சொன்னீங்களே, பாத்து ஓட்டுங்கண்ணான்னு. அப்பொறம் மண்டபத்துகிட்ட வந்ததும், பாத்து பாத்துன்னு ரெண்டு தடவ அழுத்திச் சொன்னீங்க. செரி, நம்ம கடை வரப்போகுது, அம்மணி வாயத் தொறந்து சொல்ல முடியாத எடத்துல இருக்குது, நாமளாப் புரிஞ்சுக்கோணும்னு…” அவர் டீயை ஓர் ஆற்று ஆற்றினார். “போன மாசம் கவர் போடப் போயிருந்தனுங். தொட்டிக்கு அந்தப் பக்கம் சந்துல நிறுத்தித்தான் போட்டுக் குடுத்தாரு, பாவம், வெயில்ல மண்ணுல உக்காந்து. அப்ப நீங்க சாப்பாட்டுக் கூடையோட வந்தீங்க. இந்தக் கம்பியப் பத்தித்தான் எண்ணிட்டு இருக்கீங்கன்னு ஊருக்கே தெரியுமுங். நம்மனால ஆனது, ஒரு மூணு நடை மொள்ளமாப் போறதுதானுங்களே. இதெல்லாம் ஒரு ஒதவியா?”

அவள் டீயைக் குடிக்கவில்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. காலையிலிருந்து அவள் வலை போட்டுத் தேடிய ஆள் அவளேதானா? யாரோ ஒருவர் காதில் யாரோ ஒருவர் ஓதியிருக்கிறார் என்று ஊரையே சுற்றி வந்தாள், ஓதிய வாய் அவள் வாய். எந்த டிரைவர் வண்டியில் ஏறினாலும் எல்லோரும் சொல்கிறதைத்தான் சொன்னாள், பாத்து ஓட்டுங்கண்ணா, அதில் ஒரு அர்த்தமும் கிடையாது, ரசம்தான், மேஜை இல்லை. ஆனால் அவர் மேஜையாக எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டது தப்பு என்று எந்த முகத்தோடு சொல்வாள்? முதல் நடையில் தெரியாது, இரண்டாவது நடையிலேயே தெரிந்துவிட்டதே. விரல் எண்ணிச் சொன்னதே. அண்ணா, முந்திப் போங்க என்று சொல்ல ஒரு வாய் போதும், அந்த வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மூடியதற்குக் காரணமாகச் சாரையும் புருஷனையும் மாற்றி மாற்றிச் சந்தேகப்பட்டுக்கொண்டு வந்தாள். மற்ற மனுஷர்மேல் சந்தேகப்படுகிறவரைக்கும் தன்மேல் கண் போகாது, அது ஒரு வசதி. வேப்பம்பூ ஒன்று டீயில் விழுந்து மிதந்தது. மிதந்தபடி சுற்றியது. கூட்டத்தோடு மிதக்க வேண்டும் என்றுதானே வகுப்பில் சொல்வாள், கை வைக்காமல், தள்ளாமல், பிடிக்காமல். யாரால் முடிகிறது? இந்த மூன்று நடையையும் எழுதிக் கொடுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. காளியப்பண்ணன் சொல்ல மாட்டார், அவர் உதவி செய்த சந்தோஷத்தில் இருக்கிறார். கம்பியைப் பிடுங்குவார்கள். தேவராஜ் ஆட்களைத் திரும்பக் கூப்பிடுவான். நர்ஸுகள் மறுபடி நின்றுகொண்டு தூங்குவார்கள். அவனுக்கு மட்டும் எப்போதாவது தெரிந்தால்? வெயிலில், மண்ணில் உட்கார்ந்து மூலையில் அந்த மடிப்பை வைக்கிறவன், யாரும் பார்க்காத இடத்தில், நூல் பிரியக்கூடாது என்பதற்காக. அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடேயே போனை எடுத்துச் சாரைக் கூப்பிட்டாள், இன்னும் ஒரு நிமிஷம் போனால் கூப்பிட மாட்டோம் என்று தெரிந்ததால்.

“சார், இன்னைக்கு எடுத்த மூணு நடையும் செல்லாதுங்க.”

“ஏனுங்க?”

“டிரைவருக்கு விஷயம் தெரிஞ்சிருக்குங்க. மெதுவா ஓட்டிட்டாரு. எனக்காக.” மூச்சைப் பிடித்துக்கொண்டாள். “மண்டபம் தாண்டி, தேவா சீட் கவர்ஸ்னு ஒண்ணு இருக்குதுங்க சார். அது எங்க வீட்டுக்காரர் கடைங்க. மொதல்லயே சொல்லியிருக்கோணும். சொல்லல.”

அந்தப் பக்கம் யாரோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“தெரியுமுங்களே,” என்றார் வரதராஜன். “நேத்துதான் ஒருத்தர் சொன்னாரு. அதனாலதான் காத்தால பாத்துப் பண்ணுங்கன்னேன்.”

“பாத்துன்னா எப்படிங்க சார்?”

“இதென்ன கேள்வி? பாத்துன்னா பாத்துத்தான். இன்னைக்கு வேற ஆள் கெடையாது. திரும்ப ஓட்டறதா இருந்தா ஓட்டிட்டு வாங்க. கடை விஷயத்தை ஆபீஸ்ல எழுதிக் குடுத்துருங்க. அப்புறம் பாக்கலாம்.”

வைத்துவிட்டார். பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று மனசு ஓடத் தொடங்கியது. அதன் காதைப் பிடித்து நிறுத்தினாள். ரசமோ, மேஜையோ, ஜாக்கிரதையோ, அது அவர் பாடு. டீயைக் கீழே ஊற்றிவிட்டு டம்ளரைக் காளியப்பனிடம் கொடுத்தாள்.

“அண்ணா, மில் கேட்டுக்குத் திரும்பிப் போய் மொதல்ல இருந்து வரோணும். முந்துனா முந்துங்க, முந்தவிட்டா விடுங்க, எல்லாரும் எப்படிப் போறாங்களோ அப்படி. என்னைப் பாக்காம, கடையப் பாக்காம ஓட்டுங்க. யாரையுமே பாக்காம.”

காளியப்பன் சாவியைத் திருகாமல் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். கொஞ்சம் மனத்தாங்கல்தான் அவருக்கு, செய்த உதவியைக் கையில் திருப்பிக் கொடுத்த மாதிரி. “பாக்காம எப்படிங் அம்மணி வண்டி ஓட்டறது?” என்றார். இருந்தாலும் கிளப்பினார்.

மில் கேட்டில் தட்டினாள். மண்டபத்தில் தட்டினாள். மனசு எங்கேயும் போகவில்லை, போக இடமில்லாமல் முன் கண்ணாடியிலேயே நின்றது. இரண்டு விரலும் மாறி மாறி அழுத்தின, இது ஒன்று, அது ஒன்று. சாலை ஒன்றும் அவ்வளவு மோசமில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்று நடையாக ஊர்ந்துகொண்டு வந்ததில் தெரியாமல் போயிருக்கிறது. எல்லா வண்டியும் கொஞ்சம் நெருக்கமாக, ஆனால் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில் கம்பிக்குள்ளே ஒரு பஸ் அவர்களைத் தாண்டிப் போனது, ஜன்னலில் யாரோ ஒரு குழந்தை கையை ஆட்டியது. தூரத்திலேயே கடை தெரிந்தது. இந்தத் தடவை தேவராஜ் வெளியே நின்றான். வருகிற வண்டியைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான், அவன் கவர் போட்ட வண்டி, அதை எங்கே கண்டாலும் அவனுக்கு அடையாளம் தெரியும். அப்புறம் உள்ளே இவளைப் பார்த்தான். முகம் பளிச்சென்று ஆனது. ஏதோ காரியமாகக் கடைக்குத்தான் வருகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும், குனிந்து ஸ்டூலை எடுத்துச் சுவரோரமாக நகர்த்தினான், கார் நிற்க இடம்விட்டு, கதவு திறக்க இடம்விட்டு. அந்த இடத்தில் ஒரு கார் நின்று எவ்வளவு நாளாயிற்று. காளியப்பன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி எல்லா வண்டிகளோடும் போனது. பின்கண்ணாடியில் தேவராஜ் ஸ்டூலைக் கையில் பிடித்தபடி நின்றது கொஞ்ச நேரம் தெரிந்தது, அப்புறம் ஒரு வேன் வந்து மறைத்தது.

“நான் பாக்கலீங் அம்மணி,” என்றார் காளியப்பன்.

“நான் பாத்தேனுங்ணா,” என்றாள் பூங்கோதை. தண்ணித் தொட்டி வந்தது. செல்போனைத் தட்டினாள்.